ஏழாம் வகுப்பைப் பெருக்கியவர்

எங்கள் பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'பளபளா'. பெயருக்கேற்ற ஆள்தான். ஒரு சாக்பீஸ் துண்டு கீழே கிடந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது. குமாஸ்தாவான என் மேசையைப் பார்த்து, "இது ஆபீஸா, குப்பைத் தொட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

வகுப்புகளில் கூரைக்கு அடியில் அடித்திருப்பது பழைய ஆஸ்பெஸ்டாஸ் பலகை. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். உடைந்தால் எதையும் தொடாமல் அறையைப் பூட்டிவிட்டுத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு பதிவேடே உண்டு. ஆசிரியர் எல்லாரிடமும் அதில் கையெழுத்து வாங்கினேன். அக்காவிடம் வாங்கத் தோன்றவில்லை. அந்தத் தப்பை யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை, ஏழாம் வகுப்பில் மின்விசிறி மாட்ட வந்தவர் ஏணியால் பலகையை இடித்து உடைத்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் போய்விட்டார். திங்கள் காலை தலைமையாசிரியை ஓட்டையைப் பார்த்துப் பதறி, அறையைப் பூட்டிக் கட்டடப் பாதுகாப்பு ஆய்வாளரை வரவழைத்தார். பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்தோம்.

ஆய்வாளர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "தரை சுத்தமா இருக்கு. பெருசா ஒண்ணும் விழலை போல. இப்போதைக்கு இந்த ரூமை மட்டும் மூடுங்க."

அக்கா என்னை ஓரமாக இழுத்தார். "தரை தானாவா சுத்தமாச்சு? காலைல ஆறு மணிக்கே நான் பெருக்கிட்டேன் தம்பி. அவ்வளவு தூசையும் வராந்தா வழியாத்தான் தள்ளிட்டுப் போனேன். சொன்னா வேலை போயிடுமா?"

அவர் ஒருவர் சம்பளத்தில்தான் மகள் கல்லூரியில் படிக்கிறாள். என் பதிலுக்குக் காத்திராமல் அக்கா நேராக ஆய்வாளரிடம் போனார்.

"சார், பெருக்கினது நான்தான். முதல்ல அந்தப் பிள்ளைங்களை அங்கேருந்து எழுப்புங்க."

"யாரைக் கேட்டுப் பெருக்குனீங்க?" என்று தலைமையாசிரியை சீறினார்.

"பெருக்கறதுக்கு யாரைக் கேக்கணும் மேடம்?"

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அவங்ககிட்ட யாருமே சொல்லலை மேடம். சொல்ல வேண்டியது நான்." தலைமையாசிரியை என்னை ஒரு முறை முறைத்தார். அக்காவின் வேலை தப்பியது.

பிள்ளைகள் மைதானத்துக்குப் போனார்கள். வராந்தாவில் கயிறு கட்டினார்கள். இந்தத் தூசை உலர்ந்தபடி பெருக்கவே கூடாது, ஈரத்துணியால்தான் எடுக்க வேண்டும், அதையும் பயிற்சி உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும் என்றார் ஆய்வாளர்.

"பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிடுமா சார்?" என்று கேட்டார் அக்கா.

"கொஞ்ச நேரம்தானேம்மா உட்கார்ந்தாங்க? ஆபத்து ரொம்பக் குறைவு."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பியது. எனக்கும்தான். ஆய்வாளர் எழுதிக்கொண்டே கேட்டார்: "இதுக்கு முன்னாடி இங்க தூசு விழுந்திருக்கா?"

"தினமும் கொஞ்சம் உதிரும் சார். சுண்ணாம்புன்னு நினைச்சுப் பெருக்கிடுவேன்."

"எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது வருஷமா."

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். தன்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்ட அக்கா, சற்றுப் பெருமையாகவே சொன்னார்: "ஒரு நாள்கூட விட்டதில்லை சார்."