வீல் வாங்கப் போனா தெருவக் கேக்கறாரு

என்னோட பழைய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரு கரியாலூர் மலை ஏறி இறங்குனதுல வீலெல்லாம் நெளிஞ்சு, இப்ப வூட்ல செங்கல் மேல நிக்குது.

கள்ளக்குறிச்சி கடைங்கள்ல இருக்கற அலாய் வீலெல்லாம் பெருசு. போட்டா மட்கார்டுல உரசும்.

சங்கராபுரத்துல ஒருத்தர் அதே காரோட ஒரிஜினல் வீல் நாலும் விக்கறேன்னு ஆன்லைன்ல போட்டிருந்தாரு. இன்னைக்குக் காலைல பஸ் ஏறி ஓடுனேன்.

பதிமூணு இஞ்ச் கம்பி வீலு, சைக்கிள்ல இருக்கற மாதிரி. துரு இல்ல. சுத்திப் பாத்தேன், ஆட்டமே இல்ல. மனுஷன் உள்ள திரும்பி டீ போடச் சொன்னாரு.

அப்புறம் கேட்டாரு. "கள்ளக்குறிச்சில எந்தத் தெருங்க?"

சொன்னேன்.

"அதுல எந்தப் பக்கம்?"

"வீலு வாங்கத்தானே வந்தேன், அது இன்னாத்துக்குங்க?"

"இடஒதுக்கீடு போராட்டம் நடந்துகினு இருக்குது. யாரு என்னன்னு தெரியாம குடுக்க முடியாதுங்க. நம்ம ஆளு ஒருத்தரும் கேட்டுகினு இருக்காரு, ஜீப்புக்கு."

"ஜீப்புக்கு இது ஏறவே ஏறாதுங்க!"

"அத நாங்க பாத்துக்கறோம்."

படிப்புக்கும் வேலைக்கும் இடஒதுக்கீடு கேக்கறது நியாயம். வெள்ளக்காரன் பண்ண பழைய வீலுக்குமாய்யா?

நான் எந்தப் பக்கம்னு சொல்லல. டீயும் வரல.

வெறுங்கையோட திரும்பிட்டேன்.

யார்கிட்டயாவது பதிமூணு இஞ்ச் கம்பி வீல் இருந்தா கீழ சொல்லுங்க. காருக்குப் பொருந்துனா போதும். நீங்க எந்தத் தெருன்னு கேக்க மாட்டேன்.