பவளராணி அக்காவின் பிஸ்கட் பேணி

பார்க் மெட்ரோ வாசலில் வேலை முடிந்து பேருந்துக்கு நின்றபோது கைபேசி அடித்தது. "பவளராணி அக்கா மோசம் போயிட்டா" என்றார் புலம்பெயர்ந்த எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர் குமரன் அண்ணை. அடுத்த மூச்சிலேயே, "ஞாயிறு அஞ்சலிக் கூட்டம். அதோடை புதுத் தலைவரையும் போட்டிடுவம். நீர்தான்" என்றார். அழக்கூட அலுப்பாக இருந்தது.

அக்காவை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கே பல்கலைக்கழகத்தில் அரசியல் படிப்பித்தவர். தேர்தலுக்குப் புதிதான ஒரு மேற்காபிரிக்க நாட்டின் சனாதிபதிகளைப் பற்றியே ஆயுள் முழுக்க எழுதினார். ஒருநாள் அவருடைய குசினியில், இறுக்கிப் பிடித்து ஆள்பவர்தானே நல்ல தலைவர் என்று கேட்டேன். வெங்காயம் வெட்டியபடி சொன்னார்: "அங்கை மேடையிலை முழங்கினவர் சனாதிபதியாய் இருக்கேக்கை றோட்டு வந்தது. பேப்பர்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவை. அவருக்குப் பேந்து வந்தவர் சரியான மந்தம். எல்லாரும் ஏசினவை. ஏசிப்போட்டு வீட்டை போய் நிம்மதியாய்ப் படுத்தவை."

சங்கத்தில் நமக்கொரு வழக்கம். ஒருவர் பெயரைச் சொல்வார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லோரும் கைதட்டுவோம், பிறகு சோறு. அக்கா தலைவராக இருந்தபோதும் "நீங்களே இருங்கோ" என்று தட்டத் தொடங்கினோம். அவர் கையமர்த்திவிட்டு, மூடியில் வெட்டுப் போட்ட தகரப் பிஸ்கட் பேணியை வாக்குப் பெட்டியாக மேசையில் வைத்தார். சோறு ஆறுகிறதென்று முணுமுணுத்தபடி துண்டுக் கடதாசியில் பெயர் எழுதிப் போட்டோம். அக்கா தோற்றுப்போனார். வென்றவர் வாய்ப்பந்தல் போடுபவர், நான் கைதட்டவில்லை. அக்காவோ மண்டபப் பூட்டின் திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "தோக்கடிக்கேலாத தலைவரை வைச்சிருந்த சனத்தைப் பாத்திட்டு வந்தனான். இது பரவாயில்லை. நீர் சாப்பிடும்" என்றார்.

அதன்பின் கைதட்டல் திரும்பிவிட்டது. வருடந்தோறும் அக்கா "பேணி எங்கை?" என்று கேட்பார். நாம் சிரித்துச் சமாளிப்போம். அவர் களைத்துப்போனார், ஆனாலும் கேட்டார்.

ஞாயிறன்று அவர் படத்துக்கு விளக்கேற்றி மௌனம் காத்தோம். முடிந்த கையோடு அண்ணை என் பெயரைச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. எனக்கும் ஆசை இருந்தது. அந்த ஓசை சுகமாகவும் இருந்தது. ஆனாலும் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து பேணியை எடுத்தேன்.

"இண்டைக்குமோ?" என்று அண்ணை சலித்துக்கொண்டார்.

"ஓம் அண்ணை, இண்டைக்குத்தான்."

பின்னாலிருந்து யாரோ அண்ணையின் பெயரைச் சொன்னார்கள். துண்டுகளை எண்ணியபோது அவர்தான் வென்றிருந்தார். மேசையில் கிடந்த திறப்பை அவரிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் அமர்ந்து ஆறிய சோற்றைச் சாப்பிட்டேன். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. பேணியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அது எங்கே என்று கேட்க இனி ஆளில்லை. அடுத்த வருடம் நான்தான் கொண்டுபோக வேண்டும்.