பெயர் சொல்ல விரும்பாதவர்

மெர்வத் கெய்ரோவின் ஆங்கில நாளிதழ் ஒன்றில் செய்தி திருத்துபவர். நிருபர்களின் எழுத்துப் பிழைகளைத் தேநீர் ஆறுவதற்குள் சரிசெய்துவிடுவார். அவரை வதைத்தது, பொருள் தெரியாமல் ஒட்டப்படும் ஆங்கிலச் சொற்றொடர்கள். யாருக்கும் போன் செய்யாமலேயே 'கருத்தறியத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எழுதுவார்கள். டாக்சிக்காரர் சொன்னது 'நம்பத்தகுந்த வட்டாரம்' ஆகிவிடும்.

அன்று நிருபர் ஹாத்தெம் கொண்டுவந்த செய்தி, ஓர் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரங்கள் பாதி பழுதாகிக் கிடப்பது பற்றியது. தகவல் தந்தவர், 'பெயர் வெளியிட விரும்பாத, அப்பிரிவின் ஒரே பெண் ஊழியரான மன்சூரா ஊர்க்காரர்'.

"ஹாத்தெம், அவங்க வீட்டு விலாசத்தையும் போட்டிருக்கலாமே?"

"பேரு போடலையே மேடம். அதைத்தானே கேட்டாங்க."

மெர்வத் அந்த வருணனையை அடித்தார். ஹாத்தெம் நேராக மேல்மாடிக்குப் போய் ஆசிரியர் ஃபிக்ரியிடம் முறையிட, அடித்த வரி திரும்பச் செய்திக்குள் வந்தது. மெர்வத்தும் படியேறினார்.

"ஆளோட விவரம் இல்லாட்டி நாமளே கட்டிவிட்டோம்பாங்க," என்றார் ஃபிக்ரி.

"விவரம் இருந்தா நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு வேலை இருக்காது."

"ஏன் மேடம், அவங்களுக்கு இல்லாத பயம் உங்களுக்கு எதுக்கு?" என்றான் பின்னாலேயே வந்த ஹாத்தெம்.

"அப்போ அவங்களுக்கு ஸ்பீக்கர்ல போன் போட்டு, எழுதினதை அரபியில வாசிச்சுக் காட்டு. எல்லார் காதுலயும் விழட்டும்."

அவன் அலட்சியமாக வாசித்தான். மறுமுனையில் அந்தப் பெண் குறுக்கிட்டாள்.

"அண்ணே, என் பேரையே போட்டுடுங்க. இந்த ஆஸ்பத்திரியில பாதிப்பேருக்கு என் பேரு தெரியாது. மன்சூராப் பொண்ணுன்னா வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்."

ஹாத்தெம் ரிசீவரை வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தான். ஃபிக்ரி முனகிக்கொண்டே அந்த வரியைத் திருத்தினார்.

சாயங்காலம் சரிபார்க்கப் பக்கத்தின் அச்சுப்படி வந்தது. மன்சூரா போயிருந்தது, 'ஒரே' போயிருந்தது. 'அப்பிரிவின் பெண் ஊழியர்' மட்டும் இருந்தது. இருப்பதே ஒருத்திதான். மெர்வத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. லிஃப்ட் ஓடவில்லை. மறுபடியும் படியேறினார்.

"திரும்பவுமா? உங்களுக்கு வேற வேலையே இல்லையா மேடம்?"

"நிறைய இருக்கு. நீங்கதான் செய்ய விடமாட்டேங்கிறீங்க."

ஃபிக்ரி பேனாவை விரலில் உருட்டினார். மெர்வத் நாற்காலியை இழுத்து அவர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அந்த வரி, 'மருத்துவமனை ஊழியர் ஒருவர்' என்று மாறி அச்சுக்குப் போனது.

"செய்தியே சப்புனு ஆயிடுச்சு," என்றான் ஹாத்தெம்.

மெர்வத் தன் இடத்துக்குத் திரும்பினார். அவன் எழுதிய அடுத்த செய்தி மேசைமேல் காத்திருந்தது. அதன் முதல் வரியிலேயே, பெயர் வெளியிட விரும்பாத, கெய்ரோ ஆளுநரின் ஒரே மைத்துனர் பேசிக்கொண்டிருந்தார்.