ஆல்வினுக்கு வந்த சூடு

ஆம்பூரில் தோல் கம்பெனி லாரி ஓட்டும் ஆல்வினுக்கு உலகத்தில் ஒரே ஒரு நோய்தான் தெரியும்: சூடு. யாருக்குக் கண் சிவந்தாலும், முட்டி வலித்தாலும், "உடம்பு சூடு, வெந்தயம் போடு" என்பான். கேட்காமலே சொல்வதால் கம்பெனியில் அவனுக்கு 'டாக்டர்' என்றே பேர்.

கான்பூருக்கு லோடு ஏற்றிப் போய்த் திரும்பிய வாரம் அவனுக்கே சொல்லக்கூடாத இடத்தில் புண் வந்தது. சூடுதான் என்று மோராகக் குடித்தான். சளி பிடித்ததே தவிர புண் ஆறவில்லை. தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்கு நெறியும் கட்டியது. காலை அகட்டி நடந்தவனைப் பார்த்து, தோலைத் தரம் பிரிக்கும் ஷபீ அஹமது, "இன்னா டாக்டரே, குதிரைய எங்க விட்டுட்டு வந்த?" என்று கேட்டு, பைக்கில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினான்.

உள்ளே இருந்தது பெண் டாக்டர், சங்கீதா. ஆல்வினுக்கு வேர்த்தது.

"தோல் பதப்படுத்துற மருந்து பட்டுச்சு மேடம்."

"அதுலயா வேலை?"

"இல்ல... லாரி."

"லாரி ஓட்டுறப்போ அது அங்க எப்படிப் போச்சு?"

ஆல்வின் மின்விசிறியைப் பார்த்தான்.

அவர் சிரிக்காமல் சோதித்தார். "வலிக்குதா?"

"உயிரே போவுது."

"சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. இது வலிக்குது, ஓரம் பிஞ்ச மாதிரி இருக்கு, தொட்டா ரத்தம் வருது, நெறியும் கட்டியிருக்கு. சாங்கிராய்டு மாதிரி தெரியுது. உடலுறவுல ஒட்டுற பாக்டீரியா. இருந்தாலும் சிபிலிஸ், எச்.ஐ.வி. ரெண்டுக்கும் ரத்தம் பார்த்துடணும்."

"ஒரே ஒரு தடவதான் மேடம்..."

"கிருமிக்கு அது போதும்."

மாத்திரைகளை அங்கேயே விழுங்க வைத்தார். "மனைவியைக் கூட்டிட்டு வாங்க. புண் இல்லாட்டியும் அவங்களுக்கும் மருந்து வேணும். ஆறுற வரைக்கும் விலகி இருங்க."

வீட்டில் மனைவி சவுரியம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஆல்வின் தொண்டையைச் செருமினான். "நம்ம ரெண்டு பேருக்கும் கொஞ்சம் சூடு..."

கரண்டியோடு திரும்பினாள். "யாரு மூட்டுன சூடு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் முன்னால் நடந்தாள்; அவன் ஒரு தெரு தள்ளிப் பின்தொடர்ந்தான். அவளுக்குப் புண் இல்லை; மருந்தை விழுங்கிவிட்டு, டாக்டரிடம் தன் சந்தேகங்களையெல்லாம் கேட்டாள். ரத்தத்தில் இருவருக்கும் ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள்.

புண் சீக்கிரமே ஆறியது. அவள் கோபம் ஆறவில்லை. நேரே கம்பெனி மேனேஜரிடம் போய், இனி இவரை மெட்ராசுக்கு மட்டும் அனுப்பச் சொன்னாள்.

"ஏம்மா, கான்பூர்ல என்ன பிரச்சனை?"

"அவருக்கு இந்தி ஒத்துக்கல சார்" என்றாள் சவுரியம்மாள்.