டானிக் விற்றவன் உடம்பு

மருந்துக் கம்பெனி ரெப் என்றால், டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்குகிறவன் என்று அர்த்தம். பெட்டியும் கையுமாக லாட்ஜ் லாட்ஜாக அலைந்தவர்களுக்கு இது புரியும். எழுபதுகளின் கடைசியில், மாதாமாதம் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து தங்கி, பசியைத் தூண்டும் ஒரு டானிக்கை டாக்டர்களிடம் சிபாரிசு செய்வதுதான் என் பிழைப்பு.

தீபத்தன்று என் அறை

கோயில் பக்கத்து லாட்ஜில் எப்போதும் எனக்கு ஒரே அறைதான். மின்விசிறியும் சுற்றும், கொசுவும் சுற்றும், கொசுதான் வேகம். கார்த்திகை தீபத்தன்று கீழ்பென்னாத்தூர் போய்விட்டுத் திரும்பினால், என் கட்டிலில் ஒரு குடும்பமே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. என் டை ஈரத்துணிகளுக்கு நடுவே ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. மேனேஜரிடம் பாய்ந்தேன். அவர் அசரவில்லை.

“சார், நீங்க மாசாமாசம் வர்றவரு. அவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தீபம்தான். யாரை வெளிய அனுப்பறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மேகத்துக்குள்ளே

ஒரு வருஷம் விற்பனையில் முதலாவதாக வந்தேன். பரிசாக, பம்பாய் கூட்டத்துக்கு விமானத்தில் அனுப்பினார்கள். எத்தனை பஸ் பார்த்தவன் என்ற மிதப்பில் ஏறினேன். மேகத்துக்குள் ஒரு குலுக்கு குலுக்கியதும், பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத சேட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாமலையாரைக் கூப்பிட்டேன். இறங்கும்வரை நான் விடவில்லை, அவரும் விடவில்லை.

திருவண்ணாமலைக்குத் திரும்பி வந்து மருந்துக்கடை கோவிந்தசாமியிடம் இதை மறைத்துவிட்டு, பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு இரண்டே மணி நேரம், அங்கிருந்து இங்கே வரத்தான் ஆறு மணி நேரம் என்று அளந்தேன். அவர் முகம் சுண்டிப்போனது.

“அப்ப பம்பாயைவிட நாங்கதான் ஜாஸ்தி தூரம்னு சொல்லுங்க.”

பசி, தெம்பு, தூக்கம்

ஓட்டல் சாம்பாரும் வெறும் வயிற்றுக் காபியுமாக ஓடிய வயிறு ஒருநாள் மக்கர் பண்ணியது. ஒரு டாக்டரம்மாவிடம், “எங்க டானிக் சாப்பிட்டா பசி வரும், தெம்பு வரும், நல்லா தூக்கம் வரும்” என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அறை சுழன்றது. விழுந்துவிட்டேன். காத்திருந்த நோயாளிகள்தான் தூக்கி பெஞ்சில் கிடத்தினார்கள். வேலூரில் இருக்கும் மனைவியும் மகளும் கண்முன் வந்தார்கள், நிஜமாகவே பயந்துபோனேன்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்து, குடல் புண் என்றார். மருந்துச் சீட்டை எடுத்தவர், எழுதாமல் என்னையே பார்த்தார்.

“மனசு விட்டு சொல்லுங்க. உங்க டானிக்கை எழுதட்டுமா, இல்ல உடம்பு குணமாகணுமா?”

அவர் எழுதிய மாத்திரையிலும் மோர் சாதத்திலும் தேறி, அந்தத் தெம்பில்தான் எண்பதுகள் முழுக்க டானிக் விற்றேன்.