பாதிக்கு எண் இல்லை

நீல மையில் 'பாதிக்கு எண் இல்லை' என்று எழுதிய அந்தப் படிவம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எழுபதுகளில், பின்கோடு வந்த புதிதில், காரைக்கால் பக்கத்துக் கிளை அஞ்சலகங்களைச் சுற்றிப் பார்க்கும் மெயில் ஓவர்சியராக இருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஆறு இலக்க எண்ணை எழுத வைக்க வேண்டும் என்பது உத்தரவு. எங்களுக்கு அது தேவையும்கூட. வெளியூர்க்காரர்கள் 'காரைக்கால், பாண்டிச்சேரி மாநிலம்' என்று எழுதுவார்கள். கடிதம் நேராகப் பாண்டிச்சேரிக்குப் போய், நாலு நாள் கழித்து இங்கே வரும்.

ஆனாலும் யாரும் எண் எழுதவில்லை. "பேரு இருக்கு, ஊரு இருக்கு, நம்பர் எதுக்குங்க? நாங்க என்ன ஜெயில்லயா இருக்கோம்?" என்றார் ஒரு கடைக்கார பாய். கிளை அஞ்சலகங்களும் கண்டுகொள்ளவில்லை. வாரப் படிவம் மட்டும் ஒழுங்காக வரும்: 'எல்லாவற்றிலும் எண் உண்டு.' பொய் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிடுவேன்.

போலகம் தாண்டி ஒரு கிராமத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்த அம்மா மட்டும் அப்படி எழுதவில்லை. கணவர் இறந்தபின் அந்த வேலைதான் அவருக்குச் சோறு. எண்கள் அடங்கிய புத்தகம் காரைக்காலில் ஒன்றுதான் இருந்தது. பஸ் ஏறி வந்து, அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போவார். தெரிந்த ஊர்களுக்குத் தானே எண் போடுவார். நாளெல்லாம் தனியாகச் சைக்கிள் மிதித்து, ஒற்றை அறைக்குத் திரும்பும் என்னிடம் "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"எல்லாரையும் போல எழுதிட்டுப் போங்கம்மா" என்றேன் ஒருநாள்.

"பாதிக்கு இல்லீங்களே சார். இருக்குன்னு எழுதிட்டா, அந்தப் புத்தகத்துல ஒண்ணு எனக்கு யாரு அனுப்புவா?"

"கம்மியா காட்டுனா உங்க தலைதான் உருளும்."

"நீங்க இருக்கீங்கல்ல, எடுத்துச் சொல்ல மாட்டீங்களா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த மாதம் விசாரிக்க வந்த அதிகாரி அந்த அம்மா எதிரிலேயே என்னைக் கேட்டார்: "மத்த இடத்துல எல்லாம் முடியுது, இந்தம்மாவுக்கு மட்டும் ஏன் முடியல?" மற்றதெல்லாம் பொய் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்தப் பொய்களுக்கெல்லாம் கீழே என் கையெழுத்து இருந்தது. "தெரியலைங்க சார்" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த முத்திரைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

அவருக்கு வேலை போயிற்று. தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். புதிதாக வந்தவர் முதல் வாரமே 'எல்லாவற்றிலும் எண் உண்டு' என்று எழுதித் தந்தார். அதற்கும் கையெழுத்துப் போட்டேன். ஓய்வு பெறும்வரை அந்த ஊரில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்டுக் குடித்ததில்லை.

இப்போதும் காரைக்காலில் தனியாகத்தான் இருக்கிறேன். மேலிடத்தைத் திட்டித் திட்டியே பல வருடங்களை ஓட்டிவிட்டேன். அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். தங்கை வீடு எந்த ஊரில் என்று அன்றைக்கே யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.