எது வந்தாலும் என்டர்

அந்த நோட்டு இப்போதும் என் மேஜையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டு, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டது. உள்ளே கணக்கு ஒன்றும் கிடையாது. பக்கத்துக்கு ஒரு பெட்டி, ஸ்கேல் வைத்து வரைந்தது. பெட்டிக்குள் கம்ப்யூட்டர் திரையில் வந்த ஆங்கில வாசகம் ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்கும். அதற்குக் கீழே 'யெஸ்', 'நோ', 'கேன்சல்' என்று சின்னச் சின்னப் பொத்தான்கள். திரையில் எந்தப் பொத்தானைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஓடியதோ, நோட்டிலும் அதைச் சுற்றிப் புள்ளி வைத்திருக்கும். பெட்டிக்கு வெளியே தமிழில் மூன்று வரி: எத்தனை மணிக்கு வந்தது, யாரைக் கேட்டேன், எதை அழுத்தினேன். வரைந்தவர் டைப்பிஸ்ட் அக்கா. நோட்டை அவர் என்னிடம் நம்பிக் கொடுத்தார், நான் திருப்பிக் கொடுக்கவில்லை. திருடினேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் வேறு சொல் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். வேலை கேட்டுப் பதிந்து வைத்தவர்களின் அட்டைகள் அங்கே கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். முன்னால் பதிந்தவருக்கு முன்னால் அழைப்பு, அவ்வளவுதான் சட்டம். அட்டையில் இருக்கும் தேதிக்காகப் பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் காத்திருக்கும் குடும்பங்கள் இருந்தன. அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்ற மென்பொருள் எழுதும் வேலை, நான் சேர்ந்திருந்த இரண்டு அறைக் கம்பெனிக்கு வந்தது. எழுதியவன் நான். வயது இருபத்து நாலு. தலை நிறையக் கர்வம். அலுவலகத்து மனிதர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறுவேன்.

அக்கா சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ரயிலில் வருவார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். அந்த வீட்டிலிருந்து முதன்முதலில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவர் இவர்தான். தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ். இருந்தும் ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. நிரந்தரமாக்கச் சொல்லி ஃபைல் மேலே போயிருந்தது. "ஃபைலு நவுந்துகினு கீது சார், நடுவுல ஒரு ரிமார்க் வராம இருந்தா போதும்" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். அந்த ரிமார்க்குக்குப் பயந்தே அவர் மதியச் சோற்றைக்கூட அவசரமாகத்தான் தின்பார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'சார்' என்பார். நானும் கூச்சமே இல்லாமல் அதை வாங்கிக்கொள்வேன்.

முதல் வாரத்திலேயே அந்தப் பெட்டி வந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் வந்ததுதான்: இந்த நிரல் 'இல்லீகல் ஆபரேஷன்' ஒன்றைச் செய்துவிட்டது, மூடப்படும். அக்கா நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "சார், நான் ஒண்ணுமே பண்ணல சார். இல்லீகல்னு போட்டுக்கீது. இது மேல யாருக்காச்சும் போவுமா?" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கூட இருந்த கிளார்க்குகளையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தேன். அன்று சாயங்காலமே அக்கா கடையில் இந்த நோட்டை வாங்கிவிட்டார். "நாளைக்கு இன்னா கேட்டாலும் கைல ரெக்கார்டு இருக்கணும் இல்ல சார்" என்றார். அலுவலகத்தில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவருக்கு எது காப்பாற்றும் என்று தெரிந்திருந்தது. ஒரு பெட்டி வந்தால், அதை வரைந்து முடிக்கும்வரை விசைப்பலகையைத் தொடவே மாட்டார். மற்றவர்கள் ஒரு நாளில் நூறு அட்டை ஏற்றினால் அவர் அறுபதுதான் ஏற்றுவார்.

அவரும் தமாஷ் பண்ணாதவர் இல்லை. தட்டச்சு மெஷினில் வரி முடியும் இடத்தில் மணி அடிக்கும், உடனே இடது கை நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்குப் போகும். கம்ப்யூட்டரில் பெட்டி வரும்போதும் ஒரு 'டிங்' சத்தம் வருமே, அதைக் கேட்டதும் அவருடைய இடது கை தன்னால் மேலே எழும்பும். "பாருங்க சார், மணி அடிச்சா கை தானா போவுது. பழக்க தோசம்" என்று காற்றில் நெம்புகோலைத் தள்ளிக் காட்டுவார். அறையே சிரிக்கும். நானும் சிரித்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொண்டேன் என்பதுதான் வினை.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். அந்த அலுவலகத்தில் அட்டைக்குப் போடும் எண் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். இந்த வருஷமும் ஒரு நானூற்றுப் பன்னிரண்டு இருக்கும், போன வருஷமும் ஒன்று இருக்கும். அது தெரியாமல், எண்ணை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காணும்படி எழுதிவிட்டேன். ஒரே எண் இரண்டாம் தடவை வந்தால், 'கீ வயலேஷன். ஓவர்ரைட்?' என்று ஒரு பெட்டி கேட்கும். யெஸ் என்றால் முதல் ஆள் அழிந்துபோவான், அவன் இடத்தில் இரண்டாம் ஆள் உட்காருவான். அழியப்போகிறவன் பெயரை அந்தப் பெட்டி காட்டாது. 'அழிக்கவா' என்று நேராகக் கேட்கவும் கேட்காது. போதாக்குறைக்கு, என்டர் தட்டினால் எந்தப் பொத்தான் அமுங்கும் என்று காட்டும் புள்ளிக்கோட்டிலும் கைவைத்தேன். ஆரம்பத்தில் அது 'நோ'வில்தான் இருந்தது. சோதித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் நகர்த்தி நகர்த்தி எனக்கு அலுத்துப்போனது. அதனால் 'யெஸ்'ஸுக்கு மாற்றினேன். அப்புறம் திருப்பி வைக்கலாம் என்று நினைத்தேன், மறந்துபோனேன்.

அக்கா கண்டுபிடித்தார். ஆமாம், அவர்தான். ஒரு சனிக்கிழமை நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நோட்டோடு படிவரைக்கும் வந்தார். "சார், இந்த பொட்டி காலைலேர்ந்து நாப்பது வாட்டி வந்துச்சு. இன்னா கேக்குதுன்னே பிரியல. நம்ம நம்பரு வருசா வருசம் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும் சார், அதுக்கு எதுனா இப்புடி வருதா? யெஸ்ஸா, நோவா?" கேள்வியும் அதுதான், பதிலும் அதுதான். கையில் கொண்டுவந்து கொடுத்தார். நான் காதில் வாங்கவில்லை. "அக்கா, அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும். நீங்க ஏன் தலையப் பிச்சிக்கிறீங்க? எது வந்தாலும் என்டர் தட்டுங்க" என்றேன். பஸ்ஸும் கிடைத்தது.

ஒரு மாதம் கழித்துச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒருவர் பதிவைப் புதுப்பிக்க வந்தார். மீன்பிடிக் குடும்பம், பதினோரு வருஷத்துப் பதிவு. அவர் எண்ணைப் போட்டால் திரையில் வேறு யாரோ. "இன்னா இது, என் நம்பர்ல பொம்பள பேரு கீது? நான் உயிரோட தானே கீறேன்?" என்று அவர் போட்ட சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். ஒவ்வொன்றாகத் தேடினால், பழைய ஆட்கள் பாதிப்பேர் காணோம். நல்லவேளை, காகித அட்டைகள் இருந்தன, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் மேலிருந்து கடிதம் வந்துவிட்டது: யார் பொறுப்பு?

விசாரணைக்கு முதல் நாள் அக்கா இந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "நீங்க காட்டுங்க சார். நான் காட்டுனா, ஒனக்கு இன்னாம்மா தெரியும்னு கேப்பாங்க. நீங்க படிச்சவரு, சொன்னா எடுபடும்." பைக்குள் வைத்துக்கொண்டேன். கம்பெனிக்குப் போனால் முதலாளி, "நம்ம பேரு எங்கயும் வரக்கூடாது. ஆபரேட்டர் மிஸ்டேக்னு ஒரு லெட்டர் அடி, போதும்" என்றார். அடித்தேன். சும்மா அடிக்கவில்லை, அழகாக, காரண காரியத்தோடு அடித்தேன். தட்டச்சு மெஷினில் நெடுநாள் பழகியவர் என்பதால், எச்சரிக்கை ஒலி கேட்டவுடன் வாசகத்தைப் படிக்காமலே விசையை அழுத்தும் அனிச்சைப் பழக்கம் இந்த ஆபரேட்டருக்கு உண்டு. அலுவலகத்தில் பலரும் நேரில் கண்டிருக்கிறார்கள். அப்படி எழுதினேன். பெட்டியின் ஒவ்வோர் எழுத்தையும் படித்து வரைந்து வைத்த ஒரே ஆளைப் பற்றி! அந்த வரைபடம் என் பைக்குள் இருக்கும்போதே! சீ, என்ன ஜென்மம் நான்.

அதிகாரி அந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினார். தினக்கூலியை நிறுத்த உத்தரவு எதுவும் தேவையில்லை. திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றால் முடிந்தது. ஒன்பது வருஷத்து ஃபைல் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாக அக்கா படியிறங்கும்போது நான் ஏறிக்கொண்டிருந்தேன். கத்துவார், சாபம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நின்று, மெதுவாகத்தான் சொன்னார்: "மணி அடிச்சா கை போவும்னு சொன்னது, சிரிக்கிறதுக்கு சொன்னது சார்."

நான் நன்றாக இருந்தேன். அதையும் சொல்லியாக வேண்டும். சென்னைக்கு வெளியே பெரிய கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய காலத்தில் எனக்கும் ஒன்றில் நாற்காலி கிடைத்தது. பயனர் குழம்பாதபடி திரைகளை எப்படி அமைப்பது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுப்பவனாக ஆனேன். அந்த வகுப்புகளில் மிகவும் கைதட்டல் வாங்குவது எது தெரியுமா? இந்த நோட்டுதான். அக்கா வரைந்த பெட்டிகளில் ஒன்றிரண்டைத் திரையில் போட்டு, "ஒரு சாதாரணத் தட்டச்சர் நம்மைவிட எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார், கவனியுங்கள்" என்பேன். யார் அவர் என்று எவனாவது கேட்டால், பெயர் ஞாபகமில்லை என்பேன்.

இரண்டாயிரத்துப் பதிமூன்று, பதினாலு வாக்கில், அப்படி ஒரு வகுப்பு மாமல்லபுரத்தில், கடலோர ஓட்டல் ஒன்றில். கையில் கொடுக்க நகல் போதவில்லை என்று காலையில் பஸ் நிலையத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடை தேடிப் போனேன். தோளில் பை, பைக்குள் நோட்டு. கடையில் மெஷினுக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் நரைத்திருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டார். "சாரா! இன்னா சார் இந்தப் பக்கம்? நாஸ்தா ஆச்சா?" என்றார். கல்யாணமாகிச் சதுரங்கப்பட்டினத்தில் இருப்பதையும், மகள் எட்டாவது படிப்பதையும் அவராகவே சொன்னார். அதற்குள் மெஷினில் காகிதம் சிக்கி, சத்தம் வந்து, சின்னத் திரையில் ஒரு படம் மின்னியது. அக்கா ஒரு மூடியைத் திறந்து கசங்கிய தாளை உருவி எறிந்தார். "இது தேவல சார். எங்க மாட்டிக்கிச்சோ அங்க கோடு போட்டு காட்டிருது. பேஜாரே இல்ல" என்றார். குத்திக் காட்டினாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மெஷினைத்தான் சொன்னார்.

பிறகு கேட்டார். "சார், அந்த நோட்டு உங்களாண்ட கீதா? எம் பொண்ணு கேட்டுக்கினே கீது, ஏம்மா உன்ன ஆபீஸ்லேர்ந்து அனுப்புனாங்கன்னு. நான் தப்பு பண்ணலன்னு சொன்னா பசங்க நம்பாதுங்க சார். அத காட்டுனா நம்பும்."

பை என் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு நொடி போதும். ஆனால் பத்து மணிக்கு வகுப்பு. நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், நோட்டு இல்லாமல் என்ன காட்டுவேன்? "இல்லக்கா. ஆபீஸ் மாத்துனப்ப எங்கயோ போயிடுச்சு" என்றேன்.

"பரவால்ல விடுங்க சார்" என்றார். "அன்னிக்கே ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கணும், எனக்குப் புத்தி இல்ல. இப்ப பாருங்க, நாள் முச்சூடும் ஊர்ல கீறவங்க பேப்பருக்கெல்லாம் காப்பி எடுத்துகினு கீறேன்." சொல்லிவிட்டு, "உங்களுக்கு இன்னா சார், எத்தினி காப்பி?" என்று கையை நீட்டினார். ஒன்றும் வேண்டாம், பேனாதான் வேண்டும் என்று ஒரு பேனா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பேனா எப்போதோ தீர்ந்துபோனது. நோட்டு இருக்கிறது. தாள்கள் ஓரத்தில் பழுத்துவிட்டன, ஸ்கேல் கோடுகள் மட்டும் இன்னும் நேராக நிற்கின்றன. இங்கிருந்து சதுரங்கப்பட்டினம் பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. வருஷக்கணக்காக அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் இந்நேரம் வளர்ந்து வேலைக்கே போயிருப்பாள், அம்மாவை நம்பினாளோ என்னவோ. வகுப்பில் பதினோராம் பக்கம் காட்டியிருக்கிறேன், பதினெட்டாம் பக்கம் காட்டியிருக்கிறேன். எழுதிய கடைசிப் பக்கத்தில் அதே பெட்டி, 'யெஸ்'ஸைச் சுற்றிப் புள்ளிக்கோடு. வெளியே அக்காவின் குண்டுக் கையெழுத்தில் மூன்று வரி: 'காலையிலிருந்து நாற்பது முறை வந்தது. சாரைக் கேட்டேன். எது வந்தாலும் என்டர் தட்டச் சொன்னார்.' அந்தப் பக்கத்தை மட்டும் நான் இன்றுவரை ஒருவருக்கும் காட்டியதில்லை.